எவர்சில்வரில் வெள்ளி எவ்வளவு?

கேள்வி இதுதான்: ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் முதல் 20 தனிமங்களைக் குறியீட்டோடு கடகடவென்று ஒப்பிக்கிறான். ஆனால் "தனிமம் என்றால் என்னடா?" என்று கேட்டால் முழிக்கிறான். வீட்டில் உட்கார வைத்து இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது, எங்கிருந்து தொடங்குவது?

நான் 28 வருடம் பள்ளியில் வேதியியல் நடத்தியவன். பெற்றோர் கூட்டங்களில் இதே கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், உங்கள் மகன் மேல் எந்தக் குறையும் இல்லை. பெயரை அவனிடம் கொடுத்தவர்கள் பொருளைக் காட்டவில்லை, அவ்வளவுதான். பார்த்தே இராத 20 பேரின் பெயரை ஒரு குழந்தையிடம் மனப்பாடம் செய்யச் சொன்னால் அதுவும் செய்யும். அவர்களில் யாரைப் பற்றியாவது கேட்டால் முழிக்கத்தானே செய்யும்?

அந்த 20 பெயர்களையே பாருங்கள். ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம், பெரிலியம், போரான் என்று போகிறது. இதில் பையன் கையால் தொட்டது எது? அலுமினியம் ஒன்று. அடுப்புக்கரியைச் சேர்த்தால் கார்பன் இரண்டாவது. பிறந்ததிலிருந்து அவன் பார்த்துவரும் இரும்பு 26ஆம் இடத்தில் இருக்கிறது. செம்பு 29, வெள்ளி 47, தங்கம் 79. பட்டியல் 20இல் முடிந்துவிடுவதால் பையனுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் வாசலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள். அதனால் என் யோசனை, தனிம அட்டவணையை ஒரு மாதத்துக்குச் சுருட்டி வையுங்கள். பையனைக் கூட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போங்கள்.

எவர்சில்வர் டம்ளர், பித்தளை விளக்கு, செப்புப் பாத்திரம், இரும்புத் தோசைக்கல், அலுமினியச் சட்டி, வீட்டில் இருந்தால் பாட்டி காலத்து ஈயச் சொம்பு, ஒரு பென்சில், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் சர்க்கரை, ஒரு குவளைத் தண்ணீர். எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதில் எதெல்லாம் ஒரே சரக்கால் ஆனது, எதெல்லாம் பல சரக்கு சேர்ந்தது?" பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். அவன் பிரித்து அடுக்கட்டும், தப்பாகவே அடுக்கட்டும்.

என் வகுப்பில் ஒரு பையன் ஒருமுறை எழுந்து, "எவர்சில்வரில் வெள்ளி எவ்வளவு சார்?" என்று கேட்டான். பக்கத்தில் இருந்தவன் "பாதி இருக்கும்" என்றான். இன்னொருத்தி, "பாதி இருந்தால் அடகுக் கடையில் வாங்குவார்களே" என்றாள். அந்த ஒரு மணி நேரத்தில் நான் நடத்த நினைத்திருந்த பாடத்தை விட்டுவிட்டு இதையே பேசினோம். எவர்சில்வரில் வெள்ளி துளிகூடக் கிடையாது. பெரும்பகுதி இரும்பு. நல்ல சமையல் பாத்திரமாக இருந்தால் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருப்பிடிக்காமல் காப்பது குரோமியம்தான். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோல் ஒன்றை அது மேலே போர்த்திவிடுகிறது. கீறல் விழுந்தாலும் அந்தத் தோல் தானாகவே மறுபடி உண்டாகிவிடும். வெள்ளி மாதிரி மின்னுவதால் வந்த பெயர், பெயரோடு சரி.

தமிழில் இப்படிப்பட்ட பெயர்கள் நிறைய உண்டு. குழந்தைகளுக்குத் தனிமத்தைப் புரியவைக்க இவற்றைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. ஈயச் சொம்பில் ரசம் வைப்போமே, அந்த ஈயம் வெள்ளீயம். பழைய பேட்டரியிலும் மீன்வலை குண்டிலும் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு தனிமங்கள். வெள்ளீயம் சாப்பாட்டுக்கு ஆகும், காரீயம் உடம்புக்கு நஞ்சு. கடையில் "ஈயம்" என்று பொதுவாகச் சொல்லி எதையாவது தலையில் கட்டிவிடாமல் பார்க்க இந்த அறிவு வேண்டும். காலிச் சொம்பை அடுப்பில் வைக்காதே, முதலில் ரசத்தை ஊற்று என்று பாட்டிகள் சொல்வதற்கும் காரணம் உண்டு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரம் 100 டிகிரியைத் தாண்டி அதிகம் போகாது. தண்ணீர் இல்லையென்றால் சொம்பு அடுப்பின் மேலேயே ஒழுகிவிடும். ஒரு தனிமத்தின் உருகுநிலை என்பது தேர்வுக்கான எண் மட்டும் இல்லை என்பதை இதைச் சொன்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை புரிந்துகொள்ளும்.

தகரக் கொட்டகையும் அப்படித்தான். தகரம் என்றால் வெள்ளீயம் என்று அகராதியில் இருக்கும். கூரையில் இருப்பதோ துத்தநாகம் பூசிய இரும்பு. பழைய பிஸ்கட் டப்பாவின் தகரம் வெள்ளீயம் பூசிய இரும்பு. பென்சிலின் உள்ளே இருப்பதை ஆங்கிலத்தில் காரீயத்தின் பெயரால் அழைக்கிறார்கள், ஆனால் அது களிமண் கலந்த கிராஃபைட், அதாவது கார்பன். அம்மாவின் வளையலில் 916 என்று முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஆயிரம் பங்கில் 916 பங்கு தங்கம், மீதி செம்பு, வெள்ளி போன்றவை. 24இல் 22 பங்கு, அதுதான் 22 காரட். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். இவ்வளவும் பேசி முடிக்கும்போது பையனே கேட்பான்: "அப்போ பெயரைப் பார்த்தும் தெரியாது, பளபளப்பைப் பார்த்தும் தெரியாது. எப்படித்தான் கண்டுபிடிப்பது?"

இந்தக் கேள்வி அவன் வாயிலிருந்து வரும்வரை வரையறையைச் சொல்லாதீர்கள். வந்த பிறகு, "உடைத்துப் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள்.

முதலில் சர்க்கரை. பழைய கரண்டி ஒன்றில் அரைத் தேக்கரண்டி சர்க்கரையைப் போட்டுச் சிறு தீயில் காட்டுங்கள். உருகும், பழுப்பாகும், மணக்கும், அப்புறம் கருகும், புகையும். கரண்டிக்கு மேலே சற்று உயரத்தில் குளிர்ந்த எவர்சில்வர் மூடியைப் பிடித்தால் அடியில் நீர் முத்துகள் படியும். கடைசியில் கரண்டியில் மிஞ்சுவது கரி. வெள்ளையாக, இனிப்பாக இருந்த ஒன்றிலிருந்து தண்ணீரும் கரியும் வந்தன. வெளியிலிருந்து யாரும் கரியைப் போடவில்லை. சர்க்கரையின் எடையில் சுமார் 42 சதவீதம் கார்பன்தான். அந்தக் கரியை இன்னும் சூடாக்கினால் என்ன ஆகும்? எரியும், காற்றோடு சேர்ந்து கரியமில வாயுவாகும். கவனியுங்கள், அது உடையவில்லை, இன்னொன்றோடு சேர்கிறது. உடைகிறதா, சேர்கிறதா என்று கேட்கக் கற்றுக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அடுத்தது தண்ணீர். ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து அரைத் தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். இரண்டு பென்சில்களை இருபுறமும் சீவி, ஒரு பக்க முனைகளை 9 வோல்ட் பேட்டரியோடு கம்பியால் இணைத்து, மறுபக்க முனைகளைத் தண்ணீருக்குள் விடுங்கள். இரண்டு முனைகளிலும் குமிழிகள் வரும். பேட்டரியின் எதிர்முனையோடு (−) இணைத்த பென்சிலில் கூடுதலாக வரும். கூடுதலாக வருவது ஹைட்ரஜன், மற்றது பெரும்பாலும் ஆக்சிஜன். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டுவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும். சன்னல் திறந்திருக்கட்டும். மின்சுவிட்ச் பக்கமே போக வேண்டாம், பேட்டரி போதும். இதே வேலையை 1800ஆம் ஆண்டில் வில்லியம் நிக்கல்சன், ஆன்டனி கார்லைல் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் செய்தார்கள். இத்தாலியரான வோல்டாவின் மின்கலம் பற்றிய செய்தி இங்கிலாந்துக்கு வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மூலப்பொருள் என்று மனிதர்கள் நம்பிவந்த தண்ணீர், மின்சாரத்தால் அவர்கள் கண்முன்னால் இரண்டாகப் பிரிந்தது. உங்கள் வீட்டு டம்ளரிலும் அதுவேதான் நடக்கிறது.

மூன்றாவது செம்பு. என்னைக் கேட்டால் மூன்றிலும் இதுதான் முக்கியம். செப்புப் பாத்திரத்தை அடித்துத் தகடாக்கலாம், இழுத்துக் கம்பியாக்கலாம், உருக்கி ஊற்றலாம். செம்பு செம்பாகவே இருக்கும். சரி, செம்பை மறைத்துவிட முடியுமா? முடியும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட், செம்பு சேர்ந்த உப்பு) வாங்கி வந்து தண்ணீரில் கரையுங்கள். மயில் கழுத்து நீலம். அதில் செம்பின் சிவப்பு எங்கேயாவது தெரிகிறதா? இல்லை. இப்போது ஓர் இரும்பு ஆணியை உப்புத்தாளில் நன்றாகத் தேய்த்து அந்த நீலத்தில் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். எடுத்துப் பார்த்தால் ஆணி மேல் செம்பு நிறத்தில் படிவு. நீலத்துக்குள் ஒளிந்திருந்த செம்பு திரும்பி வந்துவிட்டது. அது வந்த இடத்துக்கு ஆணியிலிருந்து கொஞ்சம் இரும்பு தண்ணீருக்குள் போயிருக்கிறது.

இதைப் பார்த்த குழந்தைகளின் முகத்தை எத்தனையோ வருடம் பார்த்திருக்கிறேன், எனக்கு அலுத்ததே இல்லை. தனிமம் என்பதன் சாரம் அதில் இருக்கிறது. நிறம் போகலாம், உலோகத் தன்மை போகலாம், கரைந்து காணாமலே போகலாம். தனிமம் தொலைவதில்லை. திரும்பக் கூப்பிட வழி தெரிந்தால் அதே செம்பாகத் திரும்பி வரும். வீட்டில் கறுத்த செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்க்கும்போது ஓடுகிற அழுக்குத் தண்ணீரிலும் செம்பு இருக்கிறது. பச்சையாக ஏறும் களிம்பிலும் அதே செம்புதான்.

இப்போது வரையறையைச் சொல்லலாம்: எந்த வேதிமுறையாலும் இதைவிட எளிய பொருளாகப் பிரிக்க முடியாதது தனிமம். கூடவே ஒரு சின்ன உண்மையையும் சொல்லுங்கள். பிரான்சில் லவாய்சியர் 1789இல் வெளியிட்ட பட்டியலில் 33 தனிமங்கள் இருந்தன. அதில் சுண்ணாம்பும் உண்டு. ஒளியையும் வெப்பத்தையும்கூட அதில் சேர்த்திருந்தார். சுண்ணாம்பை உடைக்க அன்று யாருக்கும் வழி தெரியாது. 1808இல் ஹம்ஃப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்தபோது சுண்ணாம்பு பட்டியலிலிருந்து இறங்கியது. இதில் லவாய்சியருக்கு ஒரு குறைவும் இல்லை. "இன்றுவரை எங்களால் பிரிக்க முடியாதவை" என்பதே அந்தப் பட்டியலின் பொருள். அறிவியல் பட்டியல்கள் திருத்தப்படும் என்பது குழந்தைக்குச் சின்ன வயதிலேயே தெரிவது நல்லது.

அப்புறம் உப்பு. இதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள், ஏனென்றால் சேர்மத்துக்கும் கலவைக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் பிடிபடும். சோடியம் கத்தியால் வெட்டக்கூடிய மென்மையான உலோகம். தண்ணீரில் போட்டால் சீறி ஓடித் தீப்பிடிக்கும் என்பதால் மண்ணெண்ணெய்க்குள் வைத்திருப்பார்கள். குளோரின் மஞ்சள் கலந்த பச்சை நிற நச்சு வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர நகரத்துக்கு அருகே ஜெர்மன் படை இதைத்தான் எதிரிகள் பக்கம் திறந்துவிட்டது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் தூத்துக்குடி உப்பளத்தில் வெள்ளை வெளேரென்று குவிந்து கிடக்கிறது, நாம் சாம்பாரில் போடுகிறோம். சேர்ந்த பிறகு சோடியத்தின் குணமும் இல்லை, குளோரினின் குணமும் இல்லை, புதிதாக ஒன்று. கடலைப் பருப்பையும் பொரியையும் கலந்தால் கடலை கடலையாக, பொரி பொரியாகவே இருக்கும், அது கலவை. உப்பு அப்படி இல்லை, அது சேர்மம். இந்த இடத்தில் பல பிள்ளைகள், "அப்போ உப்பு சாப்பிட்டால் குளோரின் விஷம் ஏறாதா?" என்று கேட்பார்கள். மிக நல்ல கேள்வி. "சேர்ந்துவிட்டால் குணம் மாறிவிடும்" என்பதை அவன் உண்மையிலேயே யோசித்துப் பார்க்கிறான் என்று அர்த்தம்.

வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால் ஐம்பூதம் பற்றிய பேச்சு கட்டாயம் வரும். அதைத் தவிர்க்காதீர்கள், பாடத்துக்கே உதவும். நிலம், நீர், தீ, காற்று, வானம். உலகம் சில அடிப்படைப் பொருள்களால் ஆனது என்ற எண்ணம் நம்மிடமும் இருந்தது, கிரேக்கர்களிடமும் இருந்தது. அது ஒரு பெரிய எண்ணம். ஆனால் இன்றைய பொருளில் இந்த ஐந்தில் ஒன்றுகூடத் தனிமம் இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால். மண் பல சேர்மங்களின் கலவை. நீர் ஒரு சேர்மம். காற்று நைட்ரஜன் 78 சதவீதம், ஆக்சிஜன் 21 சதவீதம், ஆர்கான் கிட்டத்தட்ட 1 சதவீதம் கொண்ட கலவை. தீ ஒரு பொருளே இல்லை, அது ஒரு நிகழ்வு. வானம் வெளி. இந்த ஐந்தையும் பையனே காரணம் சொல்லித் தள்ளிவிட்டால் தனிமம், சேர்மம், கலவை மூன்றும் அவனுக்குத் தெரிந்துவிட்டன என்று நீங்கள் நிம்மதியாக இருக்கலாம்.

பெயர்களும் குறியீடுகளும் இதற்குப் பிறகுதான். நாம் தனிமம் என்பதை இலங்கைப் பாடநூல்களில் மூலகம் என்கிறார்கள், சேர்மத்தைச் சேர்வை என்கிறார்கள், ஆக்சிஜனை ஒட்சிசன் என்று எழுதுகிறார்கள். இணையத்தில் தமிழில் தேடும்போது இரண்டும் கலந்து வரும், குழம்ப வேண்டாம். குறியீடுகளில் பிள்ளைகள் தடுமாறுவது 11 இடங்களில் மட்டும். அந்த 11க்கும் குறியீடு ஆங்கிலப் பெயரோடு ஒட்டாது. சோடியத்துக்கு நேட்ரியம், பொட்டாசியத்துக்குக் காலியம், இரும்புக்கு ஃபெர்ரம், செம்புக்குக் குப்ரம், வெள்ளிக்கு அர்ஜென்டம், தங்கத்துக்கு ஆரம், காரீயத்துக்குப் பிளம்பம் என்று பழைய பெயர்களிலிருந்து எடுத்தவை அவை. காலியம் என்பது தாவரச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. சாம்பலைத் தொட்டுப் பாத்திரம் விளக்கினோமே, எண்ணெய்ப் பிசுக்கு போனதற்குச் சாம்பலிலுள்ள பொட்டாசியச் சேர்மம் ஒரு முக்கியக் காரணம். இப்படி ஒரு கதையோடு சேர்ந்த குறியீடு மறக்காது.

அணுவைப் பற்றி இந்த வயதில் நிறையச் சொல்ல வேண்டியதில்லை. செம்பைப் பொடிப்பொடியாக்கிக்கொண்டே போனால் செம்பு என்று சொல்லத்தக்க கடைசித் துகள் அணு, ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஓர் இனம். போதும். ஒரு சந்தேகத்தை மட்டும் முன்கூட்டியே தீர்த்து வையுங்கள். "ஆக்சிஜன் வாயுவில் இரண்டு அணு சேர்ந்து இருக்கிறதே, அப்போது அது சேர்மமா?" என்று கேட்பார்கள். ஒரே இன அணுக்கள் எத்தனை சேர்ந்தாலும் அது தனிமம்தான்.

இனி அட்டவணையை எடுக்கலாம். அப்போதும் சுவரில் மாட்டிவிட்டுப் படி என்று சொல்ல வேண்டாம். அட்டைத் துண்டுகள் வெட்டுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு தனிமத்தின் பெயர், அணு நிறை, ஒரு வரிக் குணம். லித்தியம், 7, தண்ணீரில் மெல்லக் குமிழியிடும். பொட்டாசியம், 39, தண்ணீர் பட்டதும் தீப்பிடிக்கும். இந்த இரண்டையும் வைத்துவிட்டு, "நடுவில் ஒரு உறவுக்காரன் காணாமல் போயிருக்கிறான், அவன் எடை என்ன, தண்ணீரில் என்ன செய்வான்?" என்று கேளுங்கள். 7ஐயும் 39ஐயும் கூட்டிப் பாதியாக்கினால் 23. சோடியத்தின் அணு நிறை 23. இதே விளையாட்டைக் கால்சியம் 40, பேரியம் 137 என்று வைத்தால் நடுவில் 88க்குப் பக்கத்தில் ஸ்ட்ரான்சியம் உட்காரும். ஜெர்மானியரான டாபர்னீர் 1829இல் வெளியிட்ட மும்மை விதி இதுதான். பாடநூலில் இரண்டு வரியில் முடிந்துபோகும் விஷயம், அட்டையில் ஒரு மாலை முழுவதும் ஓடும்.

அதற்கு அடுத்த நாள், தனிம அட்டவணையை வகுத்த ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவின் கதை. 1869இல் அவருக்குத் தெரிந்த தனிமங்கள் 63. எடைப்படி வரிசையாக அடுக்கி, குணம் ஒத்தவை ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி மடக்கினார். சில இடங்களில் எடைப்படி அடுத்து வர வேண்டியது குணத்தில் பொருந்தவில்லை. வேறு யாராக இருந்தாலும் இருப்பதை வைத்து இட்டு நிரப்பியிருப்பார்கள். அவர் இடத்தைக் காலியாக விட்டார், "இங்கே வர வேண்டியவன் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை" என்று சொன்னார். அதோடு நிற்காமல் வரப்போகிறவனின் எடை, அடர்த்தி எல்லாவற்றையும் எழுதியும் வைத்தார். அலுமினியத்துக்குக் கீழே இருந்த காலியிடத்துக்கு அவர் வைத்த தற்காலிகப் பெயர் ஏக அலுமினியம். ஏகாதசியில், ஏகாந்தத்தில் வருகிற அதே ஏகம், ஒன்று என்னும் வடசொல்.

1875இல் பிரான்சின் லெகாக் தெ புவபோத்ரான் அதைக் கண்டுபிடித்துக் காலியம் என்று பெயரிட்டார். (பொட்டாசியத்தின் பழைய பெயரும் தமிழில் காலியம் என்றே எழுதப்படுவதால், இதைக் கேலியம் என்று எழுதுகிறேன்.) அவர் அளந்த அடர்த்தி 4.7. அந்தத் தனிமத்தைக் கண்ணாலும் பார்த்திராத மெண்டலீவ், ரஷ்யாவில் இருந்தபடியே, "6க்குப் பக்கத்தில் வர வேண்டும், இன்னும் சுத்தமாக்கி அளந்து பாருங்கள்" என்று சொல்லி அனுப்பினார். மறுபடி அளந்தபோது 5.9 வந்தது. கையில் வைத்திருந்தவரைவிடக் கட்டங்களை வரைந்தவருக்கு அதைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருந்தது. அட்டவணையின் மகிமை என்னவென்று பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு இதைவிட நல்ல கதை கிடைத்ததில்லை. கேலியத்துக்கு இன்னொரு விசேஷம், அது 29.8 டிகிரியில் உருகிவிடும். சென்னையில் மே மாதம் மேசை மேல் வைத்தாலே தானாக உருகும். 1879இல் ஸ்காண்டியமும் 1886இல் ஜெர்மானியமும் வந்து அவருடைய மற்ற இரண்டு காலியிடங்களை நிரப்பின.

எடைப்படி அடுக்கியதில் ஓரிரு இடங்கள் இடறின. எடைக்குப் பதிலாக அணு எண்ணே, அதாவது அணுவின் கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையே, சரியான வரிசை என்று 1913இல் காட்டியவர் ஹென்றி மோஸ்லி என்ற இங்கிலாந்து இளைஞர். இரண்டே ஆண்டில், 27 வயதில், கலிப்பொலி போர்முனையில் அவர் இறந்துபோனார். இன்று 118 தனிமங்கள் இருக்கின்றன. கடைசி நான்குக்குப் பெயர் முடிவானது 2016 நவம்பரில்.

அட்டவணையில் பையன் தானாக நிற்கிற கட்டங்கள் சில இருக்கும். அங்கே ஒரு கதை சொல்லிவிட்டு நகருங்கள். ஹீலியத்தில் நின்றால் குண்டூரைச் சொல்லுங்கள். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணம். பிரெஞ்சுக்காரரான ஜான்சன் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தின் குண்டூரிலிருந்து பார்த்தார். மெட்ராஸ் வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்து பார்த்தார். சூரியனின் ஒளியைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. சில வாரங்கள் கழித்து இங்கிலாந்தில் லாக்கியரும் அதே கோட்டைக் கண்டார். சூரியனுக்கான கிரேக்கச் சொல்லை வைத்து ஹீலியம் என்று பெயர் வந்தது. பூமியில் அது கையில் கிடைக்க 1895 வரை, ராம்சே ஒரு யுரேனியத் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் சூரியனில் தெரிந்து, பிறகு பூமியில் கிடைத்த தனிமம் அது. பாஸ்பரஸில் நின்றால் தீப்பெட்டியை எடுங்கள். சிவகாசி வட்டாரத்தில் செய்கிற தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரஸ், குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். உரசும்போதுதான் இரண்டும் சந்திக்கின்றன. 1669இல் ஹாம்பர்க் நகரத்தின் ஹென்னிக் பிராண்ட், தங்கம் செய்யப்போகிறேன் என்று வாளி வாளியாகச் சிறுநீரைக் காய்ச்சி பாஸ்பரஸைக் கண்டெடுத்தார் என்று சொன்னால் அந்தக் கட்டத்தைப் பையன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். தோரியத்தில் நின்றால் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலைச் சொல்லுங்கள். முன்பு கல்யாண வீடுகளில் எரிந்த பெட்ரோமாக்ஸ் விளக்கின் வலையில் பூசியிருந்தது அந்த மணலில் கிடைக்கிற தோரியத்தின் ஆக்சைடுதான்.

இதற்கெல்லாம் நேரமில்லை, அடுத்த வாரமே தேர்வு என்றால்? அப்படியென்றால் இப்போதைக்கு மனப்பாடத்தை நிறுத்த வேண்டாம், எழுதி மதிப்பெண் வாங்கட்டும். செம்பும் ஆணியும் மட்டும் இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஆகும். மற்றதைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பொருள்களைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். மயில்துத்தம் உரக்கடையில் கிடைக்கும், 50 கிராம் போதும். அது நஞ்சு, அதனால் அடுப்படிப் பாத்திரத்தில் கரைக்காதீர்கள். பழைய பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பகுதியை வெட்டிப் பயன்படுத்தி, வேலை முடிந்ததும் தூக்கி எறியுங்கள். பையன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவட்டும். சர்க்கரை கருக்கும்போது நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், உருகிய சர்க்கரை தோலில் பட்டால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். பிளீச்சிங் பவுடரைக் கழிவறை ஆசிட்டோடு சேர்த்துக் குளோரின் காட்டலாமே என்று யாராவது யோசனை சொன்னால் ஒருபோதும் கேட்காதீர்கள், மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து. திருவிழாவில் விற்கிற பறக்கும் பலூனில் ஹீலியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அடைத்திருப்பதும் நடக்கிறது, அதைத் தீப்பக்கம் கொண்டுபோக வேண்டாம். உடைந்த பழைய தெர்மாமீட்டரின் பாதரசம் உருண்டு ஓடுவதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதைக் கையில் எடுத்து விளையாட விடாதீர்கள், படத்தில் காட்டினால் போதும்.